ஊறலுக்குச் சாமான் வாங்கிய கடைகள்

பத்து வருஷத்துக்கு மேல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்தில் இருந்துவிட்டுத் திருநின்றவூரில் வீடு பார்த்துக் குடிவந்திருக்கும் ஒரு நண்பர் கேட்டார்: "இங்கே ஹோம்புரூ சாமான் விற்கிற கடை எதுங்க நல்ல கடை?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கு அங்கே புது ஊருக்குப் போனால் முதல் வேலையே கடை தேடுவதுதானாம். பால்காரர், மளிகைக்கடை, டாக்டர் எல்லாம் அப்புறம். கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றும் சொன்னார். முளைகட்டிக் காயவைத்த பார்லியை (மால்ட்) ஒன்றிரண்டு எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும், நமுத்திருந்தால் திரும்பிவிட வேண்டும். ஈஸ்ட் குளிர்பெட்டியில் இருக்கிறதா, பாக்கெட்டில் தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பு ஏறியிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கல்லாவில் இருப்பவர் தானும் வீட்டில் போட்டுப் பார்த்தவராக இருக்க வேண்டும். "போன தடவை புளிச்சுப் போச்சு" என்றால் ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

சட்டப்படி நான் சொல்லவேண்டிய பதில் ஒரே வரி: அப்படி ஒரு கடை திருநின்றவூரிலும் இல்லை, ஆவடியிலும் இல்லை, தமிழ்நாட்டில் எங்கேயும் இருக்க முடியாது. பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்த ஊர் இது. இங்கே பீர் காய்ச்ச வேண்டுமென்றாலும் அதே வழிதான்.

ஆனால் சரித்திரப்படி பதில் வேறு. ஹோம்புரூ கடை இங்கே எப்போதும் இருந்திருக்கிறது. பலகை மாட்டிக்கொண்டு ஒரே கடையாக இல்லாமல், துண்டு துண்டாக வேறு வேறு கடைகளுக்குள் இருந்தது. காய்ச்சுகிறவன் எந்தக் கடையில் சாமான் வாங்கினான் என்பதைப் பிடித்துக்கொண்டு போனால், குடித்தவன் பிழைத்தானா செத்தானா என்பதும் கூடவே வருகிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் கடையே தேவைப்படாத காலம். பெரும்பாணாற்றுப்படை நம்ம பக்கத்து நூல். தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குப் போகிற வழியைச் சொல்லும் பாட்டு, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் வலைஞர் குடியிருப்பு வரும் இடத்தில் அரிசிக் கள் செய்முறை ஒன்று ஒழுங்காக வருகிறது. குற்றாத அரிசியைக் கூழாகக் காய்ச்சுகிறார்கள். அகன்ற வாயுள்ள தட்டில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். 'நல்லடை' சேர்க்கிறார்கள். உரைகாரர்கள் இதை நெல்முளை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு. பிறகு உறுதியான ஜாடியில் விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முளைகட்டிய தானியம், கூழை ஆறவைத்த பிறகே சேர்ப்பது, நாள் கணக்கு, கடைசியில் வடிப்பது: அவர் போர்ட்லாண்டில் செய்தது இதே வரிசைதான். சூடாக இருக்கும்போது முளையைக் கொட்டினால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி செத்துவிடும். பாட்டு எழுதியவருக்கு நொதி தெரியாது, ஆறவைக்க வேண்டும் என்பது தெரியும். அரிசி வீட்டில் இருந்தது, முளை வீட்டில் கட்டினார்கள், பானை குயவரிடம் வாங்கினது. கடைக்குப் போக ஒன்றுமே இல்லை.

கடை எப்போது உள்ளே வருகிறது? வெல்லத்தை ஊறப்போட ஆரம்பிக்கும்போது. அரிசியில் மாவுச்சத்தை உடைக்கும் வேலை இருக்கிறது, வெல்லத்தில் அது இல்லை. தண்ணீரில் கரைத்து வைத்தாலே காற்றில் இருக்கும் ஈஸ்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வெறும் வெல்லத் தண்ணீர் சரியாக விளையாது, நாறும், பாதியில் நின்றுபோகும். அதற்குத்தான் பட்டை, மற்ற சரக்கு எல்லாம்.

இதற்குப் பழைய ஆதாரம் அர்த்தசாஸ்திரம். மது அதிகாரியைப் பற்றிய அத்தியாயத்தில் 'மைரேயம்' என்ற பானத்துக்கு ஒரு மரப்பட்டைக் கஷாயம், வெல்லம், மிளகு, திப்பிலி, திரிபலா என்று பட்டியல் வருகிறது. திரிபலா என்றால் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய். இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு இன்றைக்கு எந்த நாட்டு மருந்துக் கடைக்குப் போனாலும் பையன் கேள்வி கேட்காமல் மடித்துக் கொடுத்துவிடுவான். அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மது தயாரிப்பு முழுக்க அரசின் கையில்தான், ஆனால் வீட்டு விசேஷங்களுக்குக் குடும்பஸ்தர்கள் தாங்களே வெள்ளைச் சுரை செய்துகொள்ளலாம், மருந்துக்கு அரிஷ்டம் செய்துகொள்ளலாம், திருவிழாக் காலத்தில் நாலு நாள் விலக்கு என்று விட்டுக்கொடுத்திருக்கிறார் கௌடில்யர். வரி விஷயத்தில் அவ்வளவு கறாரான ஆள் வீட்டு அடுப்பை மட்டும் விட்டுவைத்தார் என்பதைக் கவனியுங்கள். பின்னால் வந்தவர்கள் விடவில்லை.

இனி பட்டை. நம்மூரில் 'பட்டைச் சாராயம்' என்று பேரிலேயே பட்டை இருக்கிறது. வெள்வேல மரத்தின் பட்டை அது. தக்காண உருதுவில் இந்த மரத்துக்கே 'ஷராப் கி கீகர்' என்று பேர், அதாவது சாராய வேலமரம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியத் தாவரங்களைப் பட்டியல் போட்ட வெள்ளைக்காரர்கள் இந்தப் பட்டை சாராயம் காய்ச்சப் பயன்படுவதையும், காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டையில் இருக்கும் துவர்ப்பு (டானின்) ஊறலில் உள்ள புரதக் கசடைப் பிடித்துக் கீழே இறக்கிவிடும். போர்ட்லாண்டில் ஒயின் போடுபவர்களுக்குக் கடையில் டானின் பொடி பாக்கெட்டில் விற்கிறார்கள் என்றார் நண்பர். நம்ம ஆள் மரத்திலிருந்தே உரித்துக்கொண்டான்.

இன்னொரு சரக்கு நவச்சாரம். ஈயம் பூசுகிறவர்கள் பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கித் தேய்ப்பார்களே, குப்பென்று வெள்ளைப் புகை வரும், அந்த உப்பு. அமோனியம் குளோரைடு. அது ஏன் சாராய ஊறலுக்குள் போனது என்பது வெகுநாள் எனக்குப் புரியாமல் இருந்தது. போதை ஏறுவதற்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். விஷயம் அதைவிடச் சாதாரணம். ஈஸ்ட் வளர நைட்ரஜன் வேண்டும். தானியத்தில் அது தாராளமாக இருக்கிறது, வெல்லத்திலும் சர்க்கரையிலும் போதாது. ஹோம்புரூ கடைகளில் 'ஈஸ்ட் நியூட்ரியன்ட்' என்று டப்பாவில் விற்பது டை அமோனியம் பாஸ்பேட், நம்ம உரக்கடை டி.ஏ.பி.யின் சுத்தமான தம்பி. நவச்சாரம் அதே வேலையைச் செய்கிறது. யூரியாவைப் போட்டவர்களும் இதே காரணத்துக்காகத்தான் போட்டார்கள், ரசாயனம் தெரிந்து அல்ல, போட்டால் நுரைத்துக்கொண்டு பொங்குகிறது என்று கண்ணால் பார்த்து. எல்லை தாண்டி ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவிலும், தெலங்கானாவிலும் கலால் போலீஸ் பிடிக்கும் பட்டியலில் இன்றைக்கும் கறுப்பு வெல்லமும் நவச்சாரமும் ஜோடியாக வரும்.

ஆக, ஒரு நாட்டுச் சாராயக்காரனின் கடைப் பட்டியல்: மளிகைக்கடையில் மட்ட வெல்லம், நாட்டு மருந்துக் கடையில் பட்டை, நவச்சாரம், கடுக்காய், குயவரிடம் பானை. வேலைக்காகாத அழுகின பழம் சந்தையில் சும்மாவே கிடைக்கும். இதில் எதுவும் ஆளைக் கொல்லும் பொருள் இல்லை. அசுத்தம் இருக்கும், வயிறு கெடும், அளவுக்கு மீறினால் எந்தச் சாராயமும் ஈரலைத் தின்னும், குடும்பத்தையும் தின்னும், அது வேறு. ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு தெருவே கண் தெரியாமல் போவது என்பது இந்தப் பட்டியலால் நடக்காது. அதற்குக் காரணமான மெத்தனால், வெல்லம் புளிக்கும்போது பேருக்குக்கூடத் தேறாது. பழத்தோலில் இருக்கும் பெக்டினிலிருந்து கொஞ்சம் வரும், அதுவும் கொத்துக் கொத்தாகக் கொல்லும் அளவு அல்ல. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

வீட்டு அடுப்பை முதலில் அணைத்தது காந்தியவாதிகள் என்று நினைப்போம். இல்லை. 1886-ஆம் வருஷத்து மதராஸ் அப்காரிச் சட்டம்தான். உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது, மரம் சீவக் கூடாது, தயாரிப்பதற்கான பொருளோ பாத்திரமோ கருவியோ வைத்திருக்கக் கூடாது. காரணம் ஒழுக்கம் அல்ல, வருமானம். மதராஸ் மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானம் அப்காரி. வீட்டில் காய்ச்சினால் சர்க்காருக்குக் காசு வராது. பெரிய வடிசாலைகளில் காய்ச்சி, ஏலம் எடுத்த கடைகளில் விற்றால் ஒவ்வொரு காலனுக்கும் வரும். கௌடில்யர் விட்டுவைத்த அந்த நாலு நாள் இதோடு போச்சு.

அதற்குப் பிறகுதான் ராஜாஜி. 1937-இல் மதுவிலக்குச் சட்டம், அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் ஆரம்பம். அப்காரி வருமானம் போவதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். (இன்றைக்கு ஜி.எஸ்.டி. பில்லைப் பார்த்துப் புலம்புகிறவர்கள் அதன் தாத்தாவை இங்கே பார்க்கலாம்.) 1948 அக்டோபர் 2-இல், ஓமந்தூரார் ஆட்சியில், மதராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. பட்டணமும் உள்ளே வந்தது, அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த நம்ம திருநின்றவூரும் உள்ளே வந்தது.

இந்த 1937 சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. டாஸ்மாக் கடை நடப்பதும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் கொடுத்த விலக்கில்தான். நண்பருக்கு இதை நம்பவே முடியவில்லை. மது என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கம் கள், ஒயின், பீர் என்று ஆரம்பித்து, ஆல்கஹால் அடங்கிய எல்லாத் திரவமும் என்று முடிகிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இரண்டு நாள் புளித்த கேப்பைக் கூழே வம்பில் மாட்டும், நல்லவேளை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் 4-ஆவது பிரிவு, மது தயாரிக்கும் நோக்கத்தோடு எந்தப் பொருளையும், பாத்திரத்தையும், கருவியையும் வைத்திருப்பதே குற்றம் என்கிறது. 'நோக்கம்' என்பதுதான் சாவி. அதே வெல்லம் பாயசத்துக்கு என்றால் மளிகை, ஊறலுக்கு என்றால் தொண்டிப் பொருள். இதனால்தான் ஹோம்புரூ கடை என்று இங்கே பலகை மாட்ட முடியாது. பலகையே நோக்கத்தைச் சொல்லிவிடுமே!

வெளிநாட்டிலும் இந்தக் கதவு ரொம்பப் பழைய காலமாகத் திறந்து கிடந்தது இல்லை. இங்கிலாந்தில் 1963 வரை வீட்டில் பீர் போட உரிமம் வேண்டும். அது நீங்கிய பிறகு பூட்ஸ் மாதிரியான மருந்துக் கடைகளிலேயே ஹோம்புரூ சாமான் விற்க ஆரம்பித்தார்கள், அவர்களுக்கும் அது மருந்துக் கடைச் சரக்குதான். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டு பீருக்கு மத்தியச் சட்டத்தில் வழி பிறந்தது. ஒரு பெரியவருக்கு வருஷத்துக்கு 100 காலன், வீட்டுக்கு 200 காலன். விற்கக் கூடாது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் சம்மதித்தன.

சரி, 1948-க்குப் பிறகு என்ன ஆச்சு? கிராமத்தில் ஊறல் போடுவது தொடர்ந்தது. பானையை ஏரிக்கரையில், முள்ளுக்காட்டில் புதைத்தார்கள். ஆனால் பட்டணத்துக்கு ஊறல் ஒத்துவராது. வாசனை தெருவுக்கே தெரியும், ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், அடுப்புப் புகை வேறு. பட்டணத்துக் குடிகாரனுக்கு உடனே கிடைக்கும் சரக்கு வேண்டியிருந்தது. அவன் கடையை மாற்றினான்.

முதலில் இங்கிலீஷ் மருந்துக் கடை. டிங்சர் ஜிஞ்சர் என்ற இஞ்சி மருந்தில் சாராயம்தான் முக்கால்வாசி. வயிற்று வலிக்குச் சொட்டுக் கணக்கில் கொடுப்பதைச் சிலர் பாட்டில் கணக்கில் வாங்கினார்கள். 1955-இல் இப்படிப்பட்ட சாராய மருந்துகள் மாநிலம் விட்டு மாநிலம் போவதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

அடுத்தது பெயின்ட் கடை. மர சாமான் பளபளக்கப் பூசும் பிரெஞ்ச் பாலிஷ், நம்ம பேச்சில் வார்னிஷ். அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்வது. குடிக்க முடியாதபடி நாற்றமும் விஷமும் கலந்த சாராயம். இதைக் குடிக்கிறார்கள் என்பது அரசுக்குத் தெரியும். எப்படிச் சொல்கிறேன் என்றால், 1959-இல் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் போட்ட ஒரு விதித்தொகுப்பின் பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது: டீனேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் (பிரெஞ்ச் பாலிஷ்) விதிகள். பெயின்ட் கடைச் சாமானுக்கு மதுவிலக்குத் துறை ஏன் விதி எழுத வேண்டும்? வாங்குகிற எல்லாரும் மேஜை நாற்காலிக்குப் பூசவில்லை என்பதால்தான்.

மெத்தில் ஆல்கஹால் என்கிற அந்த நடுப் பெயரைப் பாருங்கள். மெத்தனால். பார்க்க, முகர, குடிக்க ஏறக்குறைய சாராயம் மாதிரியே இருக்கும். உடம்புக்குள் போனால் ஈரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றும். அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தைப் புளிக்கவைக்கும். உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. பல மணி நேரம் சாதாரணப் போதை மாதிரி இருந்துவிட்டு, மறுநாள் காலையில் பார்வை மங்கும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரும் வாங்கிக் குடித்திருப்பார்.

அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920-களிலும் இதே கடை மாற்றம்தான். அங்கே வீட்டில் பீர் போட்டவர்கள் மளிகைக்கடையில் மால்ட் சிரப் டின் வாங்கினார்கள், ஒயின் போட்டவர்கள் உலர்த்தி அழுத்திய திராட்சைக் கட்டி வாங்கினார்கள். இவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். தொழிற்சாலைச் சாராயத்தைத் திருப்பி எடுத்துக் குடித்தவர்கள் மாட்டினார்கள். அதில் மெத்தனால் அளவை அரசே உத்தரவு போட்டுக் கூட்டியது, அப்படியாவது குடிக்க மாட்டார்கள் என்று. குடித்தார்கள், செத்தார்கள். அங்கேயும் கடைதான் வித்தியாசம்.

சென்னையில் இந்த இரண்டு கடைகளும் எவ்வளவு பக்கம் என்று ஒருநாள் நடந்தே பாருங்கள். திருநின்றவூரில் லோக்கல் ரயில் ஏறி மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கி, பார்க் டவுனுக்குள் நுழைந்தால் கந்தகோட்டம் பக்கம் ராசப்ப செட்டித் தெரு. வரிசையாக நாட்டு மருந்துக் கடைகள். சாக்கு வாயைச் சுருட்டிவிட்டுக் கடுக்காய், பட்டை, வேர், பூ என்று நிறுத்தியிருப்பார்கள். தசமூலாரிஷ்டம் மாதிரி மருந்துகளில் நொதிக்கவைக்கப் போடும் தாதகிப் பூவை இங்கே கேட்கலாம். அந்த அரிஷ்டங்கள் தாமாகவே புளித்துச் சாராயம் ஊறுபவை, சட்டம் மருந்து என்று ஒத்துக்கொண்டவை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நைனியப்ப நாயக்கன் தெரு. அது ரசாயனக் கடைகளுக்குப் பேர் போனது. இரண்டுமே மரியாதையான, நூற்றுக்கணக்கான நல்ல தொழில்களுக்குச் சாமான் கொடுக்கும் தெருக்கள். நான் சொல்ல வருவது தூரத்தைத்தான்.

நம்ம மேற்குப் புறநகர்ப் பக்கம் திரும்பலாம். திருமழிசைக்குப் பக்கத்தில் இருக்கும் குத்தம்பாக்கம், கள்ளச்சாராயத்தின் கதையில் தனியாகச் சொல்லவேண்டிய ஊர். 1996-இல் பஞ்சாயத்துத் தலைவராக வந்த இளங்கோ ரங்கசாமி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், கெமிக்கல் என்ஜினியர், அரசு ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவர் வளர்ந்த காலத்துக் குத்தம்பாக்கத்தில் சாராயம் காய்ச்சுவது ஒரு குடிசைத் தொழில். காய்ச்சினவர்களும் குடித்தவர்களும் அடி வாங்கின பெண்களும் ஒரே தெரு. போலீஸை விட்டு அடித்தால் நிற்காது, வேறு பிழைப்பு வேண்டும் என்பது அவர் கணக்கு. தெருவும் வீடும் வேலையும் உள்ளூரிலேயே உருவாக்கியதும், வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் ஒட்டிய சுவரோடு வாழும் இரட்டை வீடுகள் கொண்ட சமத்துவபுரமும் நாடு முழுக்கப் பேசப்பட்டன.

ஹோம்புரூ என்றதும் நண்பர் மாதிரி ஆட்களுக்கு ஒரு பொழுதுபோக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே அந்தச் சொல்லுக்கு நேரான 'வீட்டுச் சாராயம்' என்பது பொழுதுபோக்காக இருந்ததே இல்லை. நிலம் இல்லாதவனுக்கு மூலதனம் ரொம்பக் குறைவான தொழில் அது: ஒரு பானை, ஒரு மூட்டை வெல்லம், கொஞ்சம் பட்டை. பிடிபட்டால் ஜெயில். இதைப் பேசாமல் பட்டையின் ரசாயன மகிமையை மட்டும் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

அரசு கடையைத் திறந்து மூடியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1971-இல் கருணாநிதி திறந்தார், 1974-இல் அவரே மூடினார். 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-இல் டாஸ்மாக் வந்தது. 1987 பிறந்ததும் சாராயமும் கள்ளும் போயின. கள் இன்றுவரை வரவில்லை. 1990-இல் மலிவு விலை மது வந்தது, 1991-இல் ஜெயலலிதா அதை நிறுத்தினார். 2001 கடைசியில் பண்ருட்டிப் பக்கம் 50-க்கும் மேற்பட்டவர்கள் விஷச்சாராயத்தில் செத்தார்கள். அதற்குப் பிறகு மலிவு மது திரும்பியது, 2003-இல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போனது. 2023–24-இல் அதன் மூலம் அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். 1886-ஐ எழுதியவர்கள் இருந்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள்.

வீட்டு ஒயினுக்கு என்று ஒரு சின்னச் சந்து மட்டும் இந்தப் பக்கம் எப்போதும் இருந்தது. பெரம்பூர், அயனாவரம் என்று ரயில்வேயைச் சுற்றி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு வீட்டு ஒயின் போடுவார்கள். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பீங்கான் ஜாடி. மூன்று வாரம் தினமும் கிளறி, துணியில் வடிகட்டுவார்கள். சட்டத்தின் எழுத்துப்படி இதற்கும் விலக்கு இல்லை. அக்கம் பக்கத்தில் ஒரு டம்ளர், கேக்கோடு ஒரு துண்டு என்று போய்விடுவதால் யாரும் கதவைத் தட்டவில்லை. புளிக்கவைக்காத ஜிஞ்சர் ஒயினும் போடுவார்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். நண்பருக்கு நான் சொன்ன வழி அதுதான். இஞ்சி, எலுமிச்சை, கிராம்பு, கருகவைத்த சர்க்கரை, எல்லாம் பட்டாபிராம் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். திரவத்தின் அடர்த்தி பார்க்க அவர் தேடிய ஹைட்ரோமீட்டருக்கு நம்ம ஊர் உறவு பால்மானி. வேலை ஒன்றுதான், அளவுக்கோடு வேறு.

இனி கடைசிக் கடை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் கள்ளச்சாராயம் என்றே செய்தி வந்தது. பரிசோதனை முடிந்ததும் காவல்துறை தெளிவாகச் சொன்னது: இது காய்ச்சியதே இல்லை, தொழிற்சாலை மெத்தனால். அது எங்கிருந்து போனது என்று தேடியபோது போலீஸ் வந்து நின்ற இடம் வானகரம், மதுரவாயலைத் தாண்டினால் வருகிற நம்ம வானகரம்தான். அங்கே இருந்த ஒரு ரசாயன ஆலையிலிருந்து கைமாறிப் போனது என்றார்கள்.

மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60-க்கும் மேற்பட்டவர்கள். மறுபடி மெத்தனால். பெரும்பாலும் கூலிக்காரர்கள். டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டருக்குக் கொடுக்கிற காசில் பாதிக்கும் குறைவாகப் பாக்கெட் கிடைத்தது.

இந்த இரண்டு சம்பவத்திலும் ஊறல் இல்லை, பட்டை இல்லை, அடுப்பு இல்லை. தண்ணீர் கலந்து பாக்கெட்டில் கட்டியதோடு சரி. ஆனால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நாம் பேப்பரில் பார்க்கும் படம் என்ன? மலையடிவாரத்தில் போலீஸ்காரர்கள் ஊறல் பேரல்களைக் கவிழ்க்கும் படம். கல்வராயன் மலையில் ஊறலைக் கொட்டினால் வானகரத்து டேங்க் காலியாகாது. ஊறல் போடுவதை நியாயப்படுத்தவில்லை. அழிக்கட்டும், சட்டம் அதுதான். ஆனால் அதை மெத்தனால் சாவுக்குப் பதிலாகக் காட்டும்போது கணக்கு உதைக்கிறது. 1959-இலேயே மெத்தில் ஆல்கஹால் என்று பேர் போட்டு விதி எழுதிய அரசாங்கம் இது. எந்த டிரம் எந்த ஆலையிலிருந்து கிளம்பி எங்கே இறங்கியது என்ற ரெஜிஸ்டரைப் புரட்டும் படத்தை நான் ஒருநாளும் பேப்பரில் பார்த்ததில்லை. அது படத்துக்கு நன்றாக இருக்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த ஜூன் மாதக் கடைசியில் சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. சாவு விழுந்தால் காய்ச்சியவருக்கும் விற்றவருக்கும் ஆயுள் தண்டனையும், லட்சக்கணக்கில் அபராதமும். ராசப்ப செட்டித் தெருவில் வேலம்பட்டை இப்போதும் கிராம் கணக்கில் விற்கிறது. வாங்குகிறவர்கள் அநேகமாகப் பல்பொடி அரைப்பவர்கள்.